24 என்று அடித்த காசு 42 ஆன கதை

என்னிடம் பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் காசு ஒன்று இருக்கிறது, இரண்டாம் ஃபிரெடெரிக் மன்னர் காலத்தது, 1783இல் அடித்தது. பெயர் க்ரோஷன். அதில் "24 ஐனென் தாலர்" என்று எழுதியிருக்கும், அதாவது இப்படி 24 காசு கொடுத்தால் ஒரு முழு வெள்ளித் தாலர். வெள்ளியைவிடச் செம்புதான் அதிகம் என்பதால் தேய்ந்த இடமெல்லாம் செம்பழுப்பாகத் தெரியும். இதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனத்துப்போகும்.

1806 அக்டோபரில் யேனா போரில் பிரஷ்யா நெப்போலியனிடம் நொறுங்கியது. அடுத்த ஆண்டு டில்சிட் உடன்படிக்கையில் நாட்டில் ஏறக்குறைய பாதி கையைவிட்டுப் போனது. நிலம்தான் போனது, காசு போகவில்லை. இழந்த பகுதிகளில் புழங்கிக்கொண்டிருந்த க்ரோஷன்கள், அவற்றை இன்னமும் வாங்கிக்கொள்கிற மிச்ச பிரஷ்யாவுக்குள் வந்து குவிந்தன. சில்லறை பெருகப் பெருக, தாலர் வேண்டுமென்றால் 24க்கு மேலும் காசு கொடுக்க வேண்டியதாயிற்று. கடைசியில் அரசாங்கமே 1808இல் மதிப்பைக் குறைத்தது: 36 க்ரோஷனுக்கு ஒரு தாலர். 1811 டிசம்பரில் இன்னும் குறைத்து 42 ஆக்கியது. காசில் மட்டும் அதே 24.

தாலராகப் பெட்டியில் வைத்திருந்தவருக்கு இதில் நட்டமில்லை. அன்றாடக் கூலியைச் சில்லறையாக வாங்கி, அதிலேயே 24 காசு சேர்த்துவைத்தவர் கையில்தான் ஒரு தாலர் ஏழில் நான்கு பங்காகச் சுருங்கியது. போரில் தோற்றதற்கான பாரத்தை அவர் தலையிலும் இறக்கிவிட்டார்கள், எனக்கு ஆறாதது அதுதான்.

சரி, மாற்றுக் குறைந்த வெள்ளியில் அடித்ததுதான் தப்பு என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நெப்போலியன் 1807 முதல் 1810 வரை பிரான்சில் அடித்த 10 சாண்டீம் காசை, அதாவது ஃப்ராங்க் என்ற வெள்ளி நாணயத்தில் பத்தில் ஒன்றைப் பாருங்கள், மகுடம் வைத்த 'என்' எழுத்து உள்ளது. எடை 2 கிராம், ஆயிரத்தில் 200 பங்குதான் வெள்ளி. ஆனால் கணக்குப் போட்டால் 0.4 கிராம் வெள்ளி வருகிறது. 5 கிராம் ஃப்ராங்கில் இருந்த 4.5 கிராம் வெள்ளியில் பத்தில் ஒன்று 0.45. கிட்டத்தட்ட முழு மதிப்பு! அவருடைய தம்பி ஜெரோம் ஆண்ட வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் நாட்டிலும் 10, 20 சாண்டீம் காசுகளை இதே மாற்றில்தான் அடித்தார்கள்.

அப்புறம் பிரஷ்யாவே 1821இல் சில்பர்க்ரோஷன் என்று புதுக் காசு கொண்டுவந்தது. அதில் வெள்ளி ஆயிரத்தில் 222 பங்கு மட்டும், முக மதிப்புக்குக் குறைவுதான். அதில் "30 ஐனென் தாலர்" என்று எழுதினார்கள். 1870களில் மார்க் என்ற புது ஜெர்மன் நாணயம் வரும்வரை அந்தக் காசு 30க்கு ஒரு தாலர்தான்.