ஐரோப்பியப் பாய்மரக் கப்பல்கள்: பாயிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

முதுகலை வரலாற்றுக்கும் அப்புறம் நெட் தேர்வுக்கும் படித்தபோது, 'ஐரோப்பியர் வருகை' பகுதியில் நான் அதிக நேரம் கொடுத்தது கப்பல்களுக்குத்தான். அந்த நேரம் வீண்போகவில்லை. கேரவெல், நாவ், கேலியன், ஃபுளூட் என்று கப்பல் வகைகளின் பெயர்களை மட்டும் உருப்போட்டால் தேர்வறையில் எல்லாம் குழம்பிவிடும். எந்தச் சிக்கலைத் தீர்க்க இந்தக் கப்பல் வந்தது என்று கேட்டுப் படியுங்கள்.

முதலில் பாய். சதுரப் பாய் பின்னாலிருந்து வரும் காற்றை நன்றாக வாங்கும், எதிர்க்காற்றில் திணறும். முக்கோணப் பாய் இருந்தால் எதிர்க்காற்றிலும் இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்து முன்னேறலாம். ஆப்பிரிக்கக் கரையோரம் தெற்கே போன போர்த்துகீசியருக்கு ஊர் திரும்பும்போது வடக்குக் காற்று எதிர்த்து நின்றது. அதனால்தான் அவர்கள் முக்கோணப் பாய் கட்டிய கேரவெல் என்ற சிறிய கப்பலை விரும்பினார்கள். 1488இல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிய பார்த்தலோமியோ டயஸ் சென்றதும் கேரவெல்லில்தான்.

ஆனால் 1497இல் லிஸ்பனிலிருந்து கிளம்பிய வாஸ்கோ ட காமாவின் சாவோ கேப்ரியல், நாவ் என்ற பெரிய சரக்குக் கப்பல் வகை. மாதக்கணக்கில் கடலில் கிடக்க உணவுக்கும் தண்ணீருக்கும் இடம் வேண்டுமே! முன்மரத்திலும் நடுமரத்திலும் சதுரப் பாய், பின்மரத்தில் முக்கோணப் பாய். இதை விடைத்தாளில் பென்சிலால் சின்னப் படமாக வரைந்து காட்டுங்கள். ஒரு பத்தி எழுதும் வேலை மிச்சம்.

கப்பலோடு காற்றையும் சேர்த்து எழுதுவது அவசியம். 1498 ஏப்ரலில் கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகமான மலிந்தியிலிருந்து புறப்பட்ட காமா, உள்ளூர் வழிகாட்டி மாலுமியின் துணையோடு ஒரு மாதத்துக்குள் கோழிக்கோடு சேர்ந்தார். திரும்பும்போது பருவக்காற்று ஒத்துழைக்காமல் அதே கடலைக் கடக்கக் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆனது. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் பலர் இறந்தார்கள். ஆள் போதாமல் அவருடைய இன்னொரு கப்பலான சாவோ ரஃபேலை எரித்துவிட நேர்ந்தது. நல்ல கப்பல் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

டச்சுச் சரக்குக் கப்பலான ஃபுளூட் 1595 வாக்கில் நெதர்லாந்தின் ஹோர்ன் நகரில் உருவானது. பீரங்கி குறைவு, ஆள் குறைவு, சரக்கறை பெரிது. சரக்குக் கூலியும் அதனால் குறைந்தது. டச்சு வணிகம் பற்றிய கேள்வி எதுவானாலும் இதைச் சேர்க்கலாம்.

போர்க்கப்பலுக்கு ஸ்வீடனின் வாசா ஒன்றே போதும். இரண்டு அடுக்குப் பீரங்கிகளால் மேல்பாரம் கூடி, 1628இல் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் காற்றுக்குச் சாய்ந்தது. கீழடுக்குப் பீரங்கித் துளைகள் வழியே தண்ணீர் புகுந்து மூழ்கியது. 1961இல் மேலே கொண்டுவந்தார்கள்.

கடைசியாக, 'நீராவி வந்தது, பாய்மரம் மறைந்தது' என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். சீனத் தேயிலையை ஏற்றிவர உருவான 'கட்டி சார்க்' என்ற பிரிட்டிஷ் பாய்மரக் கப்பல் நீரில் இறங்கியதும் சூயஸ் கால்வாய் திறந்ததும் 1869இல்தான். கால்வாயின் குறுக்குவழி நீராவிக் கப்பலுக்கே வாய்த்தது. தேயிலையை இழந்த கட்டி சார்க், பிறகு பல ஆண்டுகள் ஆஸ்திரேலியக் கம்பளியை ஏற்றி வேகத்தில் பெயர் வாங்கியது.