நாற்காலியைக் கவிழ்த்தால்தான் வயது தெரியும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளைச் சுற்ற ஆரம்பித்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்த மரச்சாமானைப் பார்த்தாலும் முன்பக்கத்தை விட்டுவிட்டு அடியில் குனிந்து பார்க்கிறேன், கல்யாண வீட்டில்கூட. வீட்டில் முறைக்கிறார்கள், பரவாயில்லை. முன்பக்கத்தைப் பாலிஷ் போட்டு எப்படி வேண்டுமானாலும் காட்டிவிடலாம், அடிப்பக்கத்துக்கும் முதுகுப் பலகைக்கும் யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை.

செட்டிநாட்டு வீடுகள் பங்கு பிரியும்போதும் பிரிக்கப்படும்போதும் வெளியே வந்த தூண், கதவு, எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, சாமி படம் என்று எல்லாம் இந்தத் தெருவில் குவிந்து கிடக்கும். அதே தூசியைப் பூசிக்கொண்டு, போன மாதம் செய்த சாமானும் பக்கத்திலேயே நிற்கும். மரம் எதுவானாலும் கடைக்காரர் வாயில் பர்மா தேக்குதான்.

இந்தத் தடவை நான் தேடிப் போனது வளைத்த மர நாற்காலி. பழைய காபி கிளப், போட்டோ ஸ்டுடியோ, வக்கீல் ஆபீஸ் எல்லாவற்றிலும் கிடந்ததுதான்: உருண்டையான கம்பு மாதிரி மரம், வட்ட இருக்கை, முதுகில் ஒரு பெரிய வளைவும் அதற்குள் சின்ன வளைவும். இதன் மூலம் வியன்னா. மைக்கேல் தோனெட் என்ற ஜெர்மானியத் தச்சர் அங்கே குடியேறி, பீச் மரத்தை நீராவியில் வேகவைத்து இரும்பு அச்சில் வளைக்கும் வித்தையைப் பிடித்தார். 1859இல் வந்த 14ஆம் எண் நாற்காலிக்கு மொத்தமே ஆறு மரத்துண்டு, பத்து ஸ்க்ரூ, இரண்டு நட்டு. கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி அடங்கிவிடும். கப்பலேறி ஊர் ஊராகப் போனதற்கு அதுதான் காரணம். 1869இல் காப்புரிமை முடிந்ததும் கோன் போன்ற மற்ற கம்பெனிகளும் அதே நாற்காலியைச் செய்து தள்ளின, அதனால் வடிவத்தை மட்டும் பார்த்து 'தோனெட்' என்று சொல்பவரை நம்பத் தேவையில்லை.

ஒரு கடையின் பின்கட்டில், உடைந்த ஊஞ்சல் பலகைக்கு அடியில் இப்படி ஒன்று கிடந்தது. "தம்பி, அது சுத்தமான பர்மா தேக்கு, தூக்கிப் பாருங்க" என்றார் கடைக்காரர். "கொஞ்சம் கவிழ்த்துப் பார்த்துக்கிறேண்ணே" என்று வெளிச்சத்துக்கு எடுத்து வந்தேன்.

முதலில் வளைவு. ஒரு பின்காலின் நுனியில் விரலை வைத்து மேலே தேய்த்துக்கொண்டே போனேன். கால் அப்படியே முதுகாக வளைந்து, மறுபக்கம் இறங்கி, மற்ற காலாக முடிந்தது. நடுவில் எங்கேயும் ஒட்டு இல்லை, மரத்தின் ரேகையும் வளைவோடு கூடவே ஓடுகிறது. இதுதான் முக்கியமான சோதனை. பலகையில் வளைவாக அறுத்து ஒட்டியிருந்தால் ரேகை வளையாது, நேராகப் போய் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கும், இரண்டு மூன்று இடத்தில் இணைப்புக் கோடும் தெரியும். அப்படி அறுத்து ஒட்டிய உள்ளூர் நாற்காலிகளும் நிறைய உண்டு, அவற்றிலும் நல்ல வேலைப்பாடு இருக்கிறது, ஆனால் அதற்கான விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்து மரம். இருக்கை வளையத்தின் அடியில் பாலிஷ் படாத இடத்தை ஈரத்துணியால் துடைத்ததும் வெளிர் நிறத்தில், சின்னச் சின்ன பழுப்புக் கீறல்கள் தூவின மாதிரி தெரிந்தது. அது பீச். தேக்காக இருந்தால் லேசாகச் சுரண்டினாலே தோல் வாசனை போல ஒன்று வரும், எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. பர்மா தேக்கு என்று நினைத்தே விற்கட்டும், பீச் என்றால் பெயர் புதிதாக இருக்கிறதே என்று விலையை ஏற்றினாலும் ஏற்றுவார்!

அப்புறம் முத்திரை. பெயரை வளையத்தின் உள்பக்கம் மரத்திலேயே பதித்திருப்பார்கள், இல்லையென்றால் காகிதச் சீட்டு ஒட்டியிருப்பார்கள். இதில் சீட்டின் ஒரு மூலை மட்டும் மிச்சம். கம்பெனிப் பெயரைக் கரப்பான் தின்றுவிட்டது, கீழ் வரியில் 'ஸ்லோவாகியா' மட்டும் நிற்கிறது. செக்கோஸ்லோவாகியா என்ற நாடு 1918இல் பிறந்து 1992 முடிவோடு இரண்டாகப் பிரிந்தது, அதனால் இந்த நாற்காலி 1918க்கு முந்தியதாக இருக்க வழியில்லை. அதே ஊர்ப் பக்கம் அதற்கு முன்னால் செய்தது என்றால் 'ஆஸ்திரியா' என்று இருந்திருக்கும், அந்தப் பகுதி அப்போது ஆஸ்திரியப் பேரரசுக்குள் இருந்தது. 'நூத்தம்பது வருஷப் பழசு தம்பி' என்ற பேச்சு அந்த ஒரு மூலைக் காகிதத்தில் அடிபட்டுப் போனது.

ஸ்க்ரூவையும் பார்த்தேன். எல்லாம் ஒற்றைக் கோடு போட்ட தலை, ஒன்றே ஒன்று ஸ்டார் ஸ்க்ரூ. ஸ்டார் தலை ஸ்க்ரூ சந்தைக்கு வந்ததே 1930களில்தான், அதனால் ஒரு பழைய சாமானில் முழுக்க ஸ்டார் ஸ்க்ரூ இருந்தால் ஒன்று அது புதிது, இல்லை முழுசாகப் பிரித்து மாட்டியது. ஒன்று மட்டும் என்றால் யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இருக்கையில் பிளைவுட் அடித்திருந்தார்கள். ஆனால் வளையத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருந்தன, அதைப் பார்த்ததும்தான் வாங்குவது என்று முடிவே செய்தேன். துளை இருந்தால் கையால் பிரம்பு பின்னிய இருக்கை. துளைக்குப் பதில் சுற்றிலும் ஒரு பள்ளம் மட்டும் ஓடினால், மெஷினில் பின்னிய பிரம்புத் தடுக்கை அழுத்திச் செருகியது. 4,000 சொன்னார், 2,800க்கு முடிந்தது. பிளைவுட்டைக் காட்டிக் காட்டியே குறைத்தேன்.

அன்றைக்கே இன்னொரு கடையில் கணக்குப்பிள்ளை பெட்டி ஒன்றையும் பார்த்தேன், தரையில் உட்கார்ந்து எழுதுவதற்குச் சாய்ந்த மூடி வைத்த வகை. மூடி அருமையான மரம், ஓரமெல்லாம் கை பட்டுப் பட்டு மழுங்கியிருந்தது. திறந்து பார்த்தால் கீலுக்குப் பக்கத்தில், வேறு அளவுக் கீல் இருந்த கறுத்த தடமும் சும்மா கிடக்கும் ஆணித் துளைகளும் மூடியில் மட்டும் இருக்கின்றன, பெட்டியில் இல்லை. அடிப்பலகையில் இயந்திர ரம்பத்தின் வட்ட வட்டக் கீறல். கையால் அறுத்தால் கீறல் நேராக, இடைவெளி ஒழுங்கில்லாமல் இருக்கும். பழைய மூடிக்குப் புதுப் பெட்டி கட்டியிருக்கிறார்கள். கடைக்காரரிடம் மூடியை மட்டும் தருவீர்களா என்று கேட்டேன், சிரிக்கவில்லை.

வட்ட மேசை வாங்குகிறவர்கள் இஞ்ச் டேப்பைக் கையோடு கொண்டு போங்கள். மரம் ரேகைக்குக் குறுக்கேதான் சுருங்கும், நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. நூறு வருட மேசையை ரேகையோடு ஒரு அளவு, குறுக்கே ஒரு அளவு எடுத்தால் சில மில்லிமீட்டராவது வித்தியாசம் வரும். இரண்டும் அச்சு அசலாக ஒன்று என்றால் எனக்குச் சந்தேகம்.

ரவிவர்மா படங்களுக்குப் பூதக்கண்ணாடி போதும். அவருடைய அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கியது, கல்லச்சு. பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளிகள் கையால் குத்தின மாதிரி முன்பின்னாக இருக்கும். இப்போதைய ஆஃப்செட் என்றால் நான்கு நிறப் புள்ளி ஒழுங்கான வரிசையில் பூப்போல சுற்றி நிற்கும். பழைய சட்டத்துக்குள் புதுப் படம் போட்டதுதான் தெரு முழுக்க, சட்டம் மட்டும் வேண்டுமென்றால் வாங்கலாம்.

கோயில் சாமான் பக்கமே நான் போவதில்லை. வாகனத்திலிருந்து கழன்ற யாளி, தேர்ச் சிற்பம் என்று சிலர் தனியாகக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய சிற்பமும் மரச்செதுக்கலும் தொல்பொருள், உரிமம் இல்லாமல் அதை வியாபாரம் செய்யக் கூடாது, தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. சட்டம் இருக்கட்டும், யார் வீட்டுச் சாமியோ!

சரி, நாற்காலி இப்போது எந்த நிலையில் இருக்கிறது? பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு காலின் உள்பக்கம் வைத்துப் பார்த்தேன், பழுப்பாகக் கரைந்து பஞ்சில் ஏறியது. அப்படியென்றால் மேலே இருப்பது அரக்கு பாலிஷ். இந்தக் காலத்து பாலியூரித்தேன் என்றால் ஸ்பிரிட்டுக்கு அசையாது. அரக்கு என்பதால் உப்புத்தாள் போடாமல், ஸ்பிரிட்டாலேயே அழுக்கை நகர்த்தி, புது அரக்கை மெல்லிசாக ஏற்றிக்கொண்டு வருகிறேன். முன்கால் இரண்டும் முடிந்தது. ஒரு காலில் வண்டுத் துளை இருக்கிறது. தட்டினால் மாவு கொட்டவில்லை, அடியில் கறுப்புக் காகிதம் விரித்து ஒரு வாரம் விட்டும் ஒன்றும் விழவில்லை, பழைய சேதம்தான். இருந்தாலும் ஊசியில் மருந்து ஏற்றி மெழுகு வைத்து அடைத்துவிட்டேன்.

பிளைவுட்டை எடுத்தாகிவிட்டது. பிரம்பு பின்ன ஆள் கிடைத்திருக்கிறார். பார்வை இல்லாதவர், துளைகளை விரலால் தடவி எண்ணிவிட்டு, "ரெண்டு துளை தூர்ந்து போயிருக்கு, அதைத் திறந்து கொண்டு வாங்க சார்" என்று திருப்பி அனுப்பினார். நேர் இரண்டு, குறுக்கு இரண்டு, மூலைவாட்டம் இரண்டு என்று ஆறு ஓட்டமாகப் பின்னுவாராம். பிரம்பை ஊற வைத்துத்தான் இழுக்க வேண்டும், காய்ந்ததும் தானாக இறுகிக்கொள்ளும். துளைக்குள் பழைய பிரம்பும் பசையும் கல்லாக இறுகிக் கிடக்கிறது, கைத் துரப்பணத்தால் மெல்லக் குடைந்துகொண்டிருக்கிறேன். ஒன்று திறந்துவிட்டது, இன்னொன்று பாக்கி.