அலகை எழுதிவிட்டு நிரலைத் திறவுங்கள்

உயிரியல் படித்துவிட்டுக் கணித மாதிரிகள் பக்கம் வருகிறவர்கள் பலரும் நேராக நிரல் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் வாரமே ஓர் இரவு முழுக்கப் போயிற்று.

அன்று நான் எழுதியது, கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1927இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த எஸ்.ஐ.ஆர். என்ற தொற்றுநோய்ப் பரவல் மாதிரி. தொற்றக்கூடியவர், தொற்றியவர், மீண்டவர் என மூன்றே பெட்டிகள். 1,000 பேரில் ஒருவருக்குத் தொற்று, பரவல் வீதம் நாளுக்கு 0.5, ஒருவர் சராசரியாக 5 நாள் பரப்புவார் என்று வைத்துக்கொண்டேன். சிமுலேஷனை ஓட்டினால் வரைபடத்தில் கொள்ளைநோய் தலையே தூக்கவில்லை. நிரலை வரி வரியாகப் பார்த்தேன், பிழை இல்லை. விடியும் நேரத்தில் சமன்பாட்டைத் தாளில் எழுதி, ஒவ்வொரு குறியீட்டுக்கும் பக்கத்தில் அலகைப் போட்டபோதுதான் பிடிபட்டது. மீளும் வீதம் வரவேண்டிய இடத்தில் 5 என்று நாள்கணக்கையே கொடுத்திருந்தேன். அங்கே வேண்டியது 1/5, அதாவது நாளுக்கு 0.2. திருத்தியதும் ஆர்-நாட், அதாவது தொடக்கத்தில் ஒரு தொற்றாளர் சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புவார் என்ற எண், 0.1இலிருந்து 2.5 ஆனது. தொற்று ஏறத்தாழ 890 பேரைப் பிடித்துவிட்டுத்தான் அடங்கியது.

வாய்மொழித் தேர்விலும், ஒவ்வொரு குறியீட்டுக்கும் அலகை எழுதும் இந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது. வரைபடத்தைக் காட்டியதும் 'இந்த எண் எங்கிருந்து வந்தது?' என்றுதான் கேட்டார்கள்.

அடுத்து, உண்மையான தரவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1978இல் இங்கிலாந்தின் ஓர் உறைவிடப் பள்ளியில் பரவிய இன்ஃப்ளுயன்சாவின் தரவு பயிற்சிக்கு நல்லது. 763 மாணவர்களில் 512 பேர் படுக்கையில் விழுந்தார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதில் இருப்பது படுக்கையில் இருந்தவர்களின் நாள்வாரி எண்ணிக்கை. அது நோயைப் பரப்பிக்கொண்டிருந்தவர்களின் எண்ணிக்கை ஆகாது. வளைகோடு அழகாகப் பொருந்திவிட்டது என்பதற்காக இந்த வேறுபாட்டை விட்டுவிடாதீர்கள்.

எனக்கு இந்தத் துறையின் மேல் பிடிப்பு வந்தது எச்.ஐ.வி. மாதிரியால். சிகிச்சை இல்லாத நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் அளவு ஆண்டுக்கணக்கில் பெரிதாக மாறாமல் இருக்கும். உள்ளே ஒன்றும் நடக்காததுபோலத் தோன்றும். டேவிட் ஹோ, ஆலன் பெரல்சன் ஆகிய ஆய்வாளர்கள் 1995-96இல் வைரஸைத் தடுக்கும் மருந்து கொடுத்து, அளவு எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்று அளந்தார்கள். உற்பத்தியைத் தடுத்தவுடன் அவ்வளவு வேகமாக இறங்குகிறதென்றால், அதற்கு முன்னால் அதே வேகத்தில் உற்பத்தியும் நடந்திருக்க வேண்டும். கணக்கு, நாளொன்றுக்குச் சுமார் 1,000 கோடி வைரஸ்கள் என்று வந்தது. இதை நீங்களே செய்து பாருங்கள்: உற்பத்தி, வெளியேற்றம் என்று இரண்டே உறுப்புகளுள்ள சமன்பாட்டை எழுதி, உற்பத்தியைச் சுழியாக்கி, இயல் மடக்கை (ln) அளவில் வரையுங்கள். கிடைக்கும் நேர்கோட்டின் சரிவுதான் வெளியேற்ற வீதம்.