தலையைச் சாய்த்தால் கேரட்

பெஸ் மிட்டாய் டப்பாவைப் பார்த்திருப்பீர்கள். பொம்மைத் தலையைப் பின்னால் சாய்த்தால் கழுத்துக்குள்ளிருந்து ஒரு மிட்டாய் எட்டிப் பார்க்கும். 1927-இல் ஆஸ்திரியாவில் எட்வர்ட் ஹாஸ் என்பவர் இதை வெறும் புதினா மிட்டாயாகத்தான் ஆரம்பித்தார். டப்பா வந்தது 1940-களின் கடைசியில், அதுவும் சிகரெட் லைட்டர் வடிவத்தில். தலை முளைத்தது அமெரிக்காவுக்குப் போன பிறகு. அப்படி ஒன்று மிட்டாயெல்லாம் தீர்ந்து எங்கள் வீட்டில் கிடந்தது. "மாமா, இதுல கேரட் வருமா?" என்று அக்கா பையன் கேட்டான். நீலகிரியில் கேரட் விளையும் கேத்தி பாலாடா பக்கம் வளரும் பிள்ளை, வேறு எதைக் கேட்பான்!

பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு ஸ்பிரிங், அதன் மேல் சின்னதாக ஒரு தட்டு, அவ்வளவுதான். பன்னிரண்டு மிட்டாயை அடுக்கினால் ஸ்பிரிங் அமுங்கும். தலை சாயும்போது மேலே இருப்பது மட்டும் வெளியே தள்ளப்படும். பச்சைக் கேரட்டை அதே அளவுக்கு அறுத்து அடுக்கினேன். முதல் துண்டு ஜோராக வந்தது. அடுத்தது ஈரத்தில் கீழே இருந்ததோடு ஒட்டிக்கொண்டு ஜோடியாக நின்றுவிட்டது. சரி, காயவைப்போம் என்றால், கேரட்டில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் தண்ணீர். காய்ந்த துண்டு பாதியாகச் சுருங்கி, ஒவ்வொன்றும் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. டப்பாவை மிட்டாய்க்கே விட்டுவிட்டோம்.

பாக்கெட்டில் வரும் 'பேபி கேரட்'டும் இந்த அறுக்கிற வேலைதான், குழந்தை கேரட் ஒன்றும் இல்லை. கலிஃபோர்னியாவில் மைக் யூரோசெக் என்ற விவசாயி 1986-இல், உடைந்ததையும் கோணலானதையும் வீணாக்க மனமில்லாமல், பீன்ஸ் வெட்டும் இயந்திரத்தில் இரண்டு அங்குலத் துண்டாக வெட்டி, தோல் சீவி, உருட்டி விற்றார். இங்கே விடியற்காலையில் மெஷினில் கழுவி மேட்டுப்பாளையத்துக்கு லாரி ஏற்றும்போது ஒதுக்குகிற கோணல் கேரட் மாட்டுக்குப் போகிறது. மாடுகளுக்கு இதில் வருத்தம் இருக்காது.

அறுக்காமலே உருண்டையாக விளையும் கேரட் ஒன்று உண்டு. 'பாரிஸ் மார்க்கெட்' என்று பெயர், பிரான்சுக்காரர்களின் பழைய ரகம். விதை வரவழைத்துத் தொட்டியில் போட்டேன். வேர் ஆழம் போகாததால் தொட்டிக்கு ஏற்றது. நெருக்கமாக முளைத்ததைக் கலைத்துவிட வேண்டும், கேரட்டின் தோள், அதாவது மேல்பகுதி, வெளியே தெரிந்தால் மண் அணைக்க வேண்டும், இல்லையென்றால் வெயில் பட்டுப் பச்சை பாய்ந்துவிடும். பிடுங்கிக் கழுவினால், ஒன்று கோலிக்குண்டு அளவு, பக்கத்திலேயே இருந்தது எலுமிச்சை அளவு. தின்னப் பிரமாதம். இயந்திரத்துக்கோ ஒரே அளவு வேண்டும்.

அதற்கிடையில் இரண்டாவது இயந்திரம் தயாரானது: கைப்பிடியைத் திருகினால் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பண்டம் விழும். நெட்டில் காட்டுகிறவர்கள் எல்லோரும் பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்க்கிறார்கள். நீலகிரியில் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால் பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டிலைக் கவிழ்த்தேன். அடியில் பிளைவுட் சக்கரம், சுற்றிலும் குழிகள், பக்கத்தில் திருகக் கைப்பிடி. பொட்டுக்கடலை தண்ணீராக ஓடியது. மசாலா கடலை வாயிலேயே வளைவு கட்டி நின்றது. கல்வளைவு எப்படி நிற்கிறதோ அதே கணக்கு, ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். வாயின் அகலம் பண்டத்தைப் போல ஐந்தாறு மடங்காவது இருந்தால்தான் அடைப்புக் குறையும். முறுக்குத் துண்டுக்கு எந்தக் கணக்கும் செல்லாது, கொக்கி போட்டுக்கொண்டு தொங்கும்.

இன்னொரு தொல்லை, குழியின் விளிம்பில் மாட்டும் பட்டாணி இரண்டாக நறுக்கப்படுவது. கடலை விற்கும் பழைய காசு இயந்திரங்களில் அந்த இடத்தில் ஒரு பிரஷ் இருக்கும், குழிக்கு மேல் நிற்பதை மென்மையாகத் தள்ளிவிடும். நான் சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டி ஒட்டினேன். இப்போது நறுக்குவதில்லை. மூட்டம் இறங்கும் நாட்களில் பொரித்த பண்டம் மாலைக்குள் நமுத்துவிடுவதற்கு மட்டும் வழி தெரியவில்லை, கொஞ்சமாகப் போட்டு உடனே தீர்ப்பதைத் தவிர. அதில் பையன் மிகவும் ஒத்துழைக்கிறான்.

எனக்குப் பிடித்த இயந்திரம் தோட்டத்து ஓரத்தில் தானாக வளர்ந்து நிற்கிறது: பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட். முட்டைகோஸ், நூக்கோல், காலிஃபிளவர் எல்லாம் இதே இனம். முட்டைகோஸில் நுனி மொட்டு ஒன்றே பெருக்கிறது. இதில் ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் ஒரு குட்டிக் கோஸ், தண்டு நெடுக வரிசையாக. கீழிருந்து மேலாக முற்றும். அடி இலையை ஒடித்துவிட்டுக் காயைப் பக்கவாட்டில் திருகினால் 'டப்'பென்று கைக்கு வரும். ஸ்பிரிங் இல்லை, அடைப்பு இல்லை, மேலே இருப்பது முறை வரும்வரை காத்திருக்கும். உறைபனி விழுந்த பிறகு பறித்தால் இனிப்புக் கூடும். திருகுவதற்குப் பையன் முதல் ஆள். தின்பதற்கு மட்டும் ஆளைக் காணோம்.

உருண்டைக் கேரட்டுக்குக் குழி பெரிதாக வைத்து இன்னொரு சக்கரம் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். பழைய வளையல் ஒன்றில் நுழைகிற கேரட் மட்டும் பாட்டிலுக்குள் போகும், மற்றது சாம்பாருக்கு. டியூப் தீர்ந்துவிட்டது, குன்னூர் போகும்போது பஞ்சர் கடையில் கேட்க வேண்டும்.