மாட்டுக் கண்ணும் துவரம் பருப்பும்

14 ஜூன் 2024, வெள்ளி

பள்ளி விடுமுறை தொடங்கி ஒரு வாரம். வீட்டில் உடைய வேண்டியதில் பாதி உடைந்தாயிற்று. நாளை பிள்ளைகளை சான் பிரான்சிஸ்கோ எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகிறேன். அம்மாவும் வருகிறார். கும்பகோணத்திலிருந்து வந்து மூன்று வாரத்தில் அவர் பார்த்தது காஸ்ட்கோ கடையும் லிவர்மோர் கோவிலும்தான். டிக்கெட் விலையை மட்டும் சொல்லக் கூடாது. ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு "நான் வீட்டைப் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்பார்.

15 ஜூன், சனி, இரவு

கால் கெஞ்சுகிறது. இருந்தாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

ஃப்ரீமாண்டிலிருந்து பார்ட் ரயிலில் எம்பார்க்கடெரோ. அங்கிருந்து கடலோரமாக ஒரு நடை. ஜூன் மாதத்தில் ஸ்வெட்டர் போட வேண்டியிருப்பதை அம்மாவால் இன்னும் நம்ப முடியவில்லை. பியர் 15 பழைய கப்பல் துறைக் கொட்டகை. 2013இல்தான் இங்கே மாறி வந்தார்கள். உள்ளே அறுநூறுக்கு மேல் காட்சிகள், எல்லாமே கைவைத்துப் பார்க்க. "தொடாதே" என்று அதட்ட ஆளில்லாத இடம் என்று புரிந்ததும் சின்னவன் கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டான்.

நான் பெரியவளுக்கு ஒவ்வொரு பலகையாக வாசித்து விளக்க ஆரம்பித்தேன். மூன்றாவதிலேயே நிறுத்திவிட்டாள். "அப்பா, நீ சொல்லாத. நானே பாத்துக்கறேன்." ஒளியியல் முழுவதையும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டே படித்தவன் நான். வாயை மூடிக்கொண்டு தண்ணீர் பாட்டில் தூக்கும் வேலையை ஏற்றேன்.

சோடியம் விளக்கு மட்டும் எரியும் ஒரு அறை. ஒரே மஞ்சள் ஒளி, வேறு நிறமே கிடையாது. அம்மாவின் அரக்குப் புடவை சாம்பலாகத் தெரிந்தது. "அப்பாயி, உன் பொட்டு கறுப்பாயிடுச்சு!" என்றாள் பெரியவள். அம்மா நெற்றியைத் தொட்டுக்கொண்டே வெளியே வந்துவிட்டார். வெளிச்சத்தில் என்னிடம் காட்டி, சிவப்புதானே என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அடுத்த அடி வைத்தார்.

அப்புறம் டாய்லெட் கோப்பையில் குடிநீர்க் குழாய் வைத்திருக்கிறார்கள். யாரும் பயன்படுத்தாத புதுக் கோப்பை, சுத்தமான தண்ணீர், எல்லாம் மூளைக்குத் தெரியும். எனக்கு இறங்கவில்லை. சின்னவன் இரண்டு தடவை குடித்தான். "அதுல வாய வச்சுட்டு எம்மேல வந்து சாயாத" என்று அம்மா எட்டி நின்றுகொண்டார்.

அடுத்தது மாட்டுக் கண். அங்கே வேலை பார்க்கும் இளைஞர்களில் ஒருத்தி, கல்லூரி வயதுதான் இருக்கும், மேசையில் கண்ணை வைத்து அறுத்துக் காட்டினாள். "ஐயோ, மாட்டுக் கண்ணையா?" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளிப் போனார். பிள்ளைகள் இருவரும் முன்வரிசையில். வெளித்தோல் தடிமனாக, ரப்பர் மாதிரி கத்திக்கு வழுக்கியது. உள்ளிருந்து வந்த லென்ஸ் பெரிய கோலிக்குண்டு அளவு. அதைச் செய்தித்தாளின் மேல் வைத்ததும் கீழே இருந்த எழுத்து பெரிதாகத் தெரிந்தது. கடைசியாகக் கண்ணின் பின்பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். நீலமும் பச்சையுமாக, முத்துச்சிப்பியின் உட்பக்கம் மாதிரி பளபளத்தது. ஒளியைத் திருப்பி அனுப்பும் படலமாம். விழித்திரையைக் கடந்து வந்த வெளிச்சம் இதில் பட்டு இன்னொரு முறை விழித்திரைக்கே போகும். அதனால்தான் மாட்டுக்கு அரையிருட்டில் கண் தெரிகிறது. நமக்கு இந்தப் படலம் கிடையாது.

எனக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல். எப்போது திரும்பி வந்தார் என்று தெரியாது. "ராத்திரி கொட்டகையில டார்ச் அடிச்சா பச்சையா மின்னுமே, அது இதுதானா?"

மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்தப் பெண் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஆமாம், அதேதான் என்றாள். உங்களிடம் மாடு இருந்ததா என்று கேட்டாள். நான்கு என்று அம்மா விரலால் காட்டினார். அதற்குப் பிறகு கால் மணி நேரம் நான் துபாஷி. செவலைப் பசு கன்று போட்ட கதை வரைக்கும் ஆங்கிலத்துக்குப் போயிற்று.

அதற்குள் சின்னவன் சுழல் மேடையைக் கண்டுபிடித்துவிட்டான். கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பை வெளியே சாய்த்தால் மெதுவாகச் சுற்றும், ஒட்டி நின்றால் விறுவிறுவென்று சுற்றும். மூடும் நேரம் வரை அவனை அங்கிருந்து பிரிக்க முடியவில்லை.

16 ஜூன், ஞாயிறு

இந்த இடத்தை 1969இல் தொடங்கியவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர், அணுகுண்டு ஓப்பன்ஹைமரின் தம்பி. இவரும் அந்தத் திட்டத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர்தான். முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தது 1949 விசாரணையில் வெளிவந்ததும் பல்கலைக்கழக வேலை போய்விட்டது. கொலராடோவில் நிலம் வாங்கி, ஏறத்தாழ பத்து வருடம் மாடு வளர்த்திருக்கிறார். அப்புறம் அங்கேயே பள்ளி வாத்தியார்.

சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். "மாடு வச்சிருந்தவரா? அதான பாத்தேன்" என்று ரசத்தை ஊற்றினார்.

19 ஜூன், புதன்

இன்று அலுவலக விடுமுறை. என் சுழல் நாற்காலியில் சின்னவன், இரண்டு கையிலும் இரண்டு பவுண்டு துவரம் பருப்புப் பை. அக்கா சுற்றிவிட வேண்டும், இவன் கையை விரித்து மடக்க வேண்டும். மடக்கியதும் வேகம் பிடித்துக்கொண்டது. "தட்டாமாலை சுத்தறப்ப நாங்களும் இப்படித்தான், கைய இழுத்துக்கிட்டா கிறுகிறுன்னு போவும்" என்று அம்மா சோபாவிலிருந்து உற்சாகப்படுத்தினார். நான்காவது சுற்றில் ஒரு பை பிரிந்தது. ஹால் முழுக்கப் பருப்பு.

"இதுக்குக் கோண உந்தம்னு பேர்..." என்று ஆரம்பித்தேன். மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். குனிந்து பருப்பைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டேன்.