காலை காதுக்கு, இரவு கண்ணுக்கு

காலையில் வானொலி, இரவில் தொலைக்காட்சி என்ற பங்கீடு கோலாலம்பூர்த் தமிழ் வீடுகளில் இன்றும் குலையாமல் இருப்பதற்கு நமது கடிகாரமும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். தீபகற்ப மலேசியாவின் நேரம் 1982 ஜனவரி 1ஆம் நாள் அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளப்பட்டு, சபா, சரவாக் நேரத்தோடு இணைக்கப்பட்டது. அதன் பிறகு இங்கே ஆண்டு முழுவதும் பொழுது விடிவது ஏழு மணியை ஒட்டித்தான். ஏழரைக்குப் பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளைகளும், கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாக வேலைக்கு வருவோரும் இருட்டிலேயே எழுந்து புறப்படுகிறார்கள்.

கண்ணும் கையும் ஓயாத அந்த வேளையில் காது மட்டுமே ஒழிவாக இருக்கிறது. எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னல் திட்டில், தோசை மாவு தெறித்துக் காய்ந்த சிறு வானொலிப் பெட்டியில் மின்னல் எஃப்.எம். பக்திப் பாடலோடு தொடங்கிவிடும். அறிவிப்பாளர் ஆறே முக்கால் என்று சொன்னால், பசியாறிக்கொண்டிருக்கும் பையன் காலுறையைத் தேட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். காரில் ஏறியதும் பிள்ளைகள் இன்னொரு தமிழ் வானொலியான ராகாவுக்கு மாற்றச் சொல்வார்கள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

நண்பகலில் வானொலி பெரியவர்களுக்குத் துணையிருக்கிறது. ஏழேகாலை ஒட்டிப் பொழுது சாய்ந்து, விளக்கேற்றிய பிறகுதான் கூடத்தில் தொலைக்காட்சிக்கு உயிர் வருகிறது. 1963 டிசம்பரில் இந்நாட்டில் ஒளிபரப்பு தொடங்கிய பின், வாரத்துக்கு ஒரு தமிழ்ப் படத்துக்காக அக்கம்பக்கத்தார் ஒரே கூடத்தில் கூடிய காலம் ஒன்று இருந்தது. 1996இல் ஆஸ்ட்ரோ என்ற கட்டணத் தொலைக்காட்சி வந்த பிறகு அந்தக் காத்திருப்பு மறைந்தது. சென்னைக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம் என்பதால், அங்கே ஏழரைக்குத் தொடங்கும் ஐ.பி.எல். ஆட்டம் இங்கே பத்து மணிக்குத்தான் தொடங்குகிறது. அது முடிவதற்குள் நள்ளிரவு கடந்துவிடும். அப்படி விழித்திருந்தவர்களும் மறுநாள் இருட்டிலேயே எழத்தான் வேண்டும்.

நாடகத்தை இப்போது கைப்பேசியில் நினைத்த நேரத்தில் பார்க்கலாம். ஆனால் வண்டி ஓட்டுபவர் திரையைப் பார்க்க முடியாது. ஆகவே காலை நேரம் இன்னமும் வானொலியின் கையில்தான் இருக்கிறது. பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே தமிழ்க் குரலைச் சேர்ந்து கேட்கும் வாய்ப்பு நாளில் வேறெப்போதும் அமைவதில்லை. அந்த வேளையை, ஆளை ஏமாற்றிச் சிரிக்கும் குறும்புத் தொலைபேசி அழைப்புகளுக்கே வானொலிகள் கொடுத்துவிடுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வானொலி நிலையத்தாரே, ஏழிலிருந்து எட்டு மணிக்குள் பத்து நிமிடமாவது தமிழ்ப்பள்ளி, உடல்நலம், உயர்கல்வி பற்றி விவரம் தெரிந்த ஒருவரைப் பேச வையுங்கள். நெரிசலில் நிற்கும் நாங்கள் கவனமாகவே கேட்போம்.