இரண்டு செக்டர் வரப்புத் தகராறு

9 மார்ச் 2024, சனி

ஆறு ஆண்டுகளாக ஒரே மடிக்கணினியில் விண்டோஸும், லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டுவும் சண்டையின்றிக் குடியிருந்து வருகின்றன. உபுண்டுவின் ரூட் பார்ட்டிஷனுக்கு, அதாவது அந்த இயங்குதளம் இருக்கும் வன்தட்டுப் பகுதிக்கு, அன்று நான் ஒதுக்கிய 25 ஜிபி இப்போது நிரம்பிவிட்டதால், அதைச் சற்றுப் பெரிதாக்கலாம் என்று இன்று காலை லைவ் யுஎஸ்பியில் (வன்தட்டைச் சாராமல் யுஎஸ்பியிலிருந்தே இயங்கும் இயங்குதளத்தில்) இயந்திரத்தைத் தொடங்கி, பார்ட்டிஷன்களை மாற்றியமைக்கும் ஜிபார்ட்டெட் மென்பொருளைத் திறந்தேன். 500 ஜிபி வன்தட்டு முழுவதும் ஒரே சாம்பல் பட்டையாக, 465.76 ஜிஐபி (1024-இன் மடங்கில் எண்ணினால் 500 ஜிபி இப்படித்தான் வரும்) ‘ஒதுக்கப்படாத இடம்’ என்று காட்டியது. ஒரு பார்ட்டிஷன்கூடத் தெரியவில்லை.

யுஎஸ்பியைக் கழற்றிவிட்டுத் தொடங்கிப் பார்த்தேன். எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் க்ரப் பட்டியல் வந்தது. விண்டோஸ் திறந்தது, உபுண்டுவும் திறந்தது, கோப்புகள் அனைத்தும் இருந்தன. அப்படியானால் தட்டு காலியாக இல்லை, அதைப் படிக்க அந்த மென்பொருள்தான் மறுக்கிறது என்பது மட்டும் உறுதியாயிற்று. விவரம் கேட்ட அண்ணன் மகன், ‘புதிய பார்ட்டிஷன் அட்டவணை எழுதிவிடுங்கள் சித்தப்பா, எல்லாம் சரியாகிவிடும்’ என்றான். எந்தப் பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது என்ற குறிப்பே அந்த அட்டவணை; அதைப் புதிதாக எழுதினால் எல்லாம் சுத்தமாகியும் விடும் என்று பதில் அனுப்பினேன்.

10 மார்ச், ஞாயிறு

எதையும் எழுதுவதற்கு முன் நகல் எடுத்து வைப்பதிலேயே பகல் முழுவதும் கழிந்தது. விண்டோஸின் டி டிரைவிலும், உபுண்டுவில் என் கோப்புகள் இருக்கும் ஹோமிலும் இருந்தவற்றை வெளி வன்தட்டுக்கு அனுப்பினேன். தட்டு 512 பைட்டுகள் கொண்ட செக்டர்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதன் முதல் செக்டரை, அதாவது எம்பிஆர் எனப்படுவதை, அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளையால் ஒரு கோப்பாக எடுத்துக்கொண்டேன். அந்த 512-இல் முதல் 446 பைட்டுகள் இயக்கத்தைத் தொடங்கும் நிரலுக்கும் தட்டின் அடையாள எண்ணுக்கும் உரியவை. அடுத்த 64 பைட்டுகள்தாம் அட்டவணை, ஒன்றுக்கு 16 பைட்டாக நான்கு பதிவுகள். கடைசி இரண்டு முத்திரை. நான்குக்கு மேல் பிரைமரி, அதாவது இங்கே நேரடிப் பதிவுள்ள, பார்ட்டிஷன் வைக்க முடியாததற்கு இந்த 64 பைட்டுகளே காரணம். ஐந்தாவது வேண்டுமென்றால் நான்கில் ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கி, அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்களைச் சங்கிலியாகக் கோக்க வேண்டும். என்னுடைய உபுண்டு அப்படித்தான் நான்காவதற்குள் எஸ்டிஏ5 (ரூட்), 6, 7 என்று லினக்ஸ் வைத்த பெயர்களில் வாழ்கிறது.

இரவில், அட்டவணையைப் படிக்கவும் எழுதவும் உதவும் எஸ்எஃப்டிஸ்க் கட்டளையைக் கொண்டு முழு அட்டவணையையும் ஓர் உரைக்கோப்பாக இறக்கினேன். ஜிபார்ட்டெட் காட்ட மறுத்த அத்தனை பார்ட்டிஷன்களும் அதில் வரிவரியாக இருந்தன.

11 மார்ச், திங்கள்

அலுவலகம் முடிந்து வந்ததும் ஒரு தாளில் கழித்தல் கணக்குப் போட்டேன். டி டிரைவ் 205006848-ஆம் செக்டரில் தொடங்குகிறது; நீளம் 409600000 செக்டர்கள்; ஆகவே அதன் கடைசி செக்டர் 614606847. எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் தொடங்கும் இடமோ 614606846. இரண்டு செக்டர்கள், அதாவது வெறும் 1024 பைட்டுகள், இரு பட்டாவிலும் ஏறிய வரப்பைப் போல இருவருக்கும் சொந்தமாக எழுதப்பட்டிருக்கின்றன. இதைக் கண்டுதான் ஜிபார்ட்டெட் தட்டைப் படிக்க மறுத்திருக்கிறது.

இது எப்படி நேர்ந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. டி டிரைவுக்கும் உபுண்டுவுக்கும் நடுவில் பத்து ஜிபி அளவு இடம் நெடுநாளாகச் சும்மா கிடந்தது. சென்ற டிசம்பரில் விண்டோஸில் ஓர் இலவச மென்பொருளைக் கொண்டு அதை டி டிரைவுடன் சேர்த்தேன். உபுண்டுவை நிறுவும் மென்பொருள் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனை எஸ்டிஏ5-க்குச் சரியாக இரண்டு செக்டர் முன்னால் தொடங்கியிருந்தது. சேர்த்த மென்பொருளோ அந்தத் தொடக்கத்தைக் கவனியாமல், எஸ்டிஏ5-இன் வாசல்வரை, அதாவது 614606848 வரை, வேலி போட்டுவிட்டது.

அப்படியிருந்தும் மூன்று மாதங்களாக எதுவும் கெடாதது எப்படி என்ற கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. 614606846-இல் இருப்பது லாஜிக்கல் சங்கிலியின் முதல் கண்ணி. அது அழிந்தால் உபுண்டுவின் பார்ட்டிஷன்கள் அட்டவணையிலிருந்தே மறைந்துவிடும். விடை, டி டிரைவில் விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையின் அமைப்பில் கிடைத்தது. அது தன் பார்ட்டிஷனின் கடைசி செக்டரை, தன் அடிப்படை விவரங்கள் உள்ள பூட் செக்டரின் நகலுக்கு ஒதுக்கிக்கொள்கிறது. மீதியை எட்டு எட்டு செக்டர்கள் கொண்ட கிளஸ்டர்களாகப் பிரிக்கிறது. கடைசி ஒன்று போய்விட்டதால் அதற்கு முந்தைய ஏழு செக்டர்கள் ஒரு கிளஸ்டராக நிறையாமல், எந்தக் கோப்புக்கும் தரப்படாமல் கிடக்கின்றன. சங்கிலியின் கண்ணி அந்த ஏழில் ஒன்றில் விழுந்திருக்கிறது. பூட் செக்டர் நகல் விழுந்த 614606847-ஐ லினக்ஸ் பயன்படுத்துவதில்லை. ஒரே திண்ணையில் முதுகைக் காட்டிப் படுத்திருந்த இருவர் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

13 மார்ச், புதன்

நேரமில்லை. விண்டோஸில் டி டிரைவுக்கு, பிழைகளைச் சோதிக்கும் செக்டிஸ்க் ஓட்டினேன், பிழை இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் ஹைபர்னேஷனையும் அணைத்தேன். அவை இயங்கும்போது விண்டோஸ் உண்மையில் முழுவதுமாக நிற்பதில்லை. பாதி உறங்கும் அந்த நிலையில் வெளியிலிருந்து டிரைவைத் தொடுவது ஆபத்து.

16 மார்ச், சனி

அட்டவணையில் நீளத்தை மட்டும் குறைத்தால் உள்ளே இருக்கும் கோப்பு முறைமை வேலிக்கு வெளியே நீண்டு நிற்கும் என்பதால், முதலில் உள்ளிருப்பதைச் சுருக்க வேண்டும். ஜிபார்ட்டெட் உதவாது, ஆனால் என்டிஎஃப்எஸ் அளவை மாற்றும் என்டிஎஃப்எஸ்ரீசைஸ் கட்டளை அட்டவணையைப் பற்றிக் கவலைப்படாமல் பார்ட்டிஷனோடு நேராகப் பேசும். எதையும் எழுதாத ஒத்திகை முறையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, தேவைக்கு அதிகமாகவே, 209 ஜிபிக்குச் சுருக்கினேன்.

பிறகு உரைக்கோப்பில் ஒரே ஓர் எண்ணைத் திருத்தினேன்: 409600000 என்பதை 409597952 ஆக்கினேன். குறைத்தது 2048 செக்டர், அதாவது ஒரு எம்பி. இரண்டு செக்டருக்காக ஒரு எம்பியை விட்டுக்கொடுத்தது எல்லைகள் சீராக அமைவதற்காகத்தான். கோப்பின் தலைப்பில் உள்ள தட்டின் அடையாள எண்ணை அப்படியே இருக்க விட்டேன். அது மாறினால் விண்டோஸ் தன் சொந்தத் தட்டையே அடையாளம் காணாமல் தொடங்க மறுக்கும். எஸ்எஃப்டிஸ்க் மூலம் அதைத் திரும்ப எழுதியபோது கை நடுங்கியதை மறைப்பதற்கில்லை. கடைசியாக, அளவு எதுவும் குறிப்பிடாமல் என்டிஎஃப்எஸ்ரீசைஸை மீண்டும் ஓட்டினேன். அது புதிய வேலிவரை தானே விரிந்துகொண்டது.

ஜிபார்ட்டெட்டைத் திறந்தேன். பச்சையும் நீலமுமாக ஏழு பார்ட்டிஷன்களும் வந்து நின்றன. அடுத்து விண்டோஸைத் தொடங்கினேன். எதிர்பார்த்தபடி அது ஒருமுறை தானே செக்டிஸ்க் ஓட்டிவிட்டு உள்ளே விட்டது.

17 மார்ச், ஞாயிறு

இந்த வேலையைத் தொடங்கியதே ரூட் பார்ட்டிஷனைப் பெரிதாக்கத்தான் என்பது இன்றுதான் நினைவுக்கு வந்தது. டி டிரைவிலிருந்து இடம் எடுத்தால் எஸ்டிஏ5-இன் தொடக்கத்தையே இடப்பக்கம் நகர்த்த வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் கதை முடிந்தது. ஆகவே வலப்பக்கத்தில் இருந்த, நினைவகம் போதாதபோது உதவும் 8 ஜிபி ஸ்வாப் பார்ட்டிஷனை நீக்கி, அந்த இடத்தை ரூட்டுக்குத் தந்து, ஸ்வாப்பை ஒரு கோப்பாக வைத்துக்கொண்டேன். நடுவில் ஒன்று போனதால் எஸ்டிஏ7 எஸ்டிஏ6 ஆகிவிட்டது; தொடக்கத்தில் ஏற்ற வேண்டிய பார்ட்டிஷன்களின் பட்டியலான எஃப்எஸ்டேபில், எண்ணுக்குப் பதிலாக அதோடு மாறாத அடையாளமான யுயுஐடி எழுதியிருந்ததால் ஹோம் தவறாமல் ஏறியது.

ஆனால் உபுண்டு தொடங்கும்போது ஒன்றரை நிமிடம் திகைத்து நின்றது. நீக்கிய ஸ்வாப்பின் வரி எஃப்எஸ்டேபில் அப்படியே இருந்ததால், இல்லாத பார்ட்டிஷனுக்காக 90 விநாடி காத்திருக்கிறது. அந்த வரியையும், தொடக்கத்தின் முதல் கட்டத்தை நடத்தும் இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பில் அதே யுயுஐடியைச் சுட்டிய ரெஸ்யூம் (உறக்கத்திலிருந்து மீளும் இடத்தைச் சொல்லும்) வரியையும் நீக்கிப் புதுப்பித்த பின் பழைய வேகம் திரும்பியது. புதிய அட்டவணையின் நகலை வெளி வன்தட்டில் சேர்த்தேன். அந்த இலவச மென்பொருளை விண்டோஸிலிருந்து எடுத்துவிட்டேன்.